உண்ணி சுமந்து வரும் நோய்



நேற்று மாலை வரை பத்து லிட்டர் கறந்த கலப்பினப் பசு. இன்று காலையில் தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. காது தொங்கிப் போயிருக்கிறது, மூச்சு இரைக்கிறது. மூத்திரம் காப்பி டிக்காஷன் நிறத்தில் போகிறது. வீட்டில் என்ன சொல்கிறோம்? "சூடு பிடிச்சிருக்கு" என்பார் ஒருவர். "கண்ணு பட்டிருக்கும்" என்பார் பாட்டி. நல்ல வார்த்தைதான், ஆனால் மாடு பிழைக்காது. அந்த நேரத்தில் மாட்டின் வாலடியிலும் மடிக்கும் தொடைக்கும் நடுவிலும் காது மடலுக்குள்ளும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஆமணக்கு முத்து மாதிரி வழுவழுப்பாக ஏதாவது தட்டுப்பட்டால், அதுதான் உண்ணி. வந்திருப்பது அது கொண்டு வந்த காய்ச்சலாக இருக்கலாம்.

உண்ணி ரத்தம் குடிக்கும் என்பது நமக்குத் தெரியும். அது நோயைச் சுமந்து வரும் என்பதை நிரூபிக்க ஒரு விஞ்ஞானி நாலு வருஷம் பாடுபட வேண்டியிருந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டால், நம் கொட்டிலில் எதை எதற்காகச் செய்ய வேண்டும் என்பது தானாக விளங்கும்.

அமெரிக்காவின் தென்பகுதியில் டெக்சாஸ் என்று ஒரு மாநிலம். பெரிய மேய்ச்சல் நாடு. 1860-களில் அங்கே உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, ஆயிரக்கணக்கான மாடுகளை வடக்கே ஓட்டிக்கொண்டு போய் விற்றார்கள். போகிற மாடுகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவை மேய்ந்துவிட்டுப் போன நிலத்தில், ஒரு மாதம் கழித்து, வடக்கத்தி மாடுகள் காய்ச்சல் கண்டு, ரத்தமாக மூத்திரம் போய், கூட்டம் கூட்டமாகச் செத்தன. நோயைக் கொண்டு வந்த மாட்டுக்கு நோய் இல்லை! வேடிக்கையாக இல்லையா? எச்சிலில் இருக்கிறது, சாணத்தில் இருக்கிறது, மிதித்த புல்லில் இருக்கிறது என்று படித்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாடு மேய்த்தவர்கள் மட்டும், "இது உண்ணியால் வருகிறது ஐயா" என்றார்கள். படித்தவர்கள் சிரித்தார்கள்.

சிரிக்காத ஒருவர் இருந்தார். தியோபால்டு ஸ்மித் என்று பெயர். 1859-ல் பிறந்தவர், மருத்துவம் படித்தவர், அந்த நாட்டு அரசின் கால்நடைத் துறையில் வேலை பார்த்தவர். (பன்றியிடமிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தவரும் இவர்தான். அந்தக் கிருமி இனத்துக்கு வைத்த பெயரோ சால்மொனெல்லா. சால்மன் என்பவர் இவருக்கு மேலதிகாரி. அலுவலகத்தில் வேலை பார்க்கிற எங்களுக்கு இது ஆச்சரியமான விஷயமில்லை.) கில்போர்ன் என்ற கால்நடை மருத்துவரும் அவருமாகச் சேர்ந்து, மாடு மேய்க்கிறவன் சொல்வது சரிதானா என்று பார்த்துவிடுவோம் என்று 1889-ல் இறங்கினார்கள்.

எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் அழகு. பெரிய கருவி ஒன்றும் இல்லை. வேலி போட்ட வயல்கள், கொஞ்சம் மாடுகள், அவ்வளவுதான். முதல் வயலில், தெற்கிலிருந்து வந்த மாடுகளை உண்ணியோடு அப்படியே விட்டு, கூடவே உள்ளூர் மாடுகளையும் விட்டார்கள். இன்னொரு வயலில் விட்ட தெற்கத்தி மாடுகளின் உடம்பிலிருந்து உண்ணியை ஒன்றுவிடாமல் கையாலேயே பொறுக்கி எடுத்தார்கள். மறுநாள் பார்த்தால் புதிதாக நாலு இருக்கும், அதையும் பொறுக்குவார்கள். வெயில் காலம், மாடு உதைக்கும், வாலால் அடிக்கும். அந்தப் பொறுமையை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது வயலில் தெற்கத்தி மாடே இல்லை. வெறும் உண்ணிகளைக் கொண்டு வந்து புல்லில் தூவிவிட்டு, உள்ளூர் மாடுகளை மேய விட்டார்கள்.

உண்ணியோடு மாடுகளை விட்ட வயலில் உள்ளூர் மாடுகள் நோய் கண்டு விழுந்தன. உண்ணி பொறுக்கிய வயலில் ஒன்றும் ஆகவில்லை. வெறும் உண்ணி தூவிய வயலிலும் மாடுகளுக்கு நோய் வந்தது. அதாவது, தெற்கத்தி மாடு பக்கத்தில் நின்றாலும் உண்ணி இல்லையென்றால் நோய் இல்லை; மாடே இல்லாமல் உண்ணி மட்டும் இருந்தாலும் நோய் உண்டு. நாம் உரம் போட்ட பாத்தி, போடாத பாத்தி என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோமே, அதே முறைதான்.

அப்புறம் ஸ்மித் நோய் கண்ட மாட்டின் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சிவப்பணுக்களுக்குள் பேரிக்காய் வடிவத்தில், இரண்டு இரண்டாகச் சேர்ந்து, சின்னஞ்சிறு உயிர்கள் இருந்தன. அவை அணுவை உடைத்துவிடுகின்றன; உடைந்த அணுவின் சிவப்புதான் மூத்திரத்தில் வருகிறது. இன்றைக்கு அந்த உயிருக்கு பேபீசியா என்று பெயர்.

ஒரு மாதம் ஏன் தாமதம்? அதற்கும் விடை கிடைத்தது. வயிறு நிறைய ரத்தம் குடித்த பெண் உண்ணி தரையில் விழுகிறது, ஆயிரக்கணக்கில் முட்டை போடுகிறது, செத்துப் போகிறது. முட்டை பொரிந்து குஞ்சு வர சுமார் மூன்று வாரம். கடுகில் பாதி கூட இராத அந்தக் குஞ்சு, புல் நுனியில் ஏறி உட்கார்ந்து, வருகிற மாட்டைத் தொற்றிக்கொள்கிறது. ஸ்மித் கண்ணாடித் தட்டில் முட்டையைப் பொரிக்க வைத்து, எந்த மாட்டையும் தொட்டிராத குஞ்சு உண்ணிகளை நல்ல கிடேரி ஒன்றின் மேல் விட்டார். கிடேரிக்குக் காய்ச்சல் வந்தது. தாய் குடித்த ரத்தத்தின் நோய், முட்டை வழியாகப் பிள்ளைக்கு இறங்கியிருக்கிறது! அவரே இதை எதிர்பார்க்கவில்லை.

தெற்கத்தி மாடு ஏன் சாகவில்லை என்றும் கேட்பீர்கள். கன்றாக இருக்கும்போதே உண்ணி கடித்து, லேசாக நோய் வந்து, தேறிவிட்ட மாடுகள் அவை. உடம்பில் எதிர்ப்பு உண்டு, ரத்தத்தில் கிருமியும் கொஞ்சம் உண்டு. வடக்கத்தி மாடு உண்ணியையே பார்த்ததில்லை.

இந்த முடிவுகளை 1893-ல் அச்சிட்டார்கள். ஒரு பூச்சி இனம் நோயைக் கடத்தித் தருகிறது என்று கால்நடை நோய் ஒன்றில் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிய முதல் வேலை இது. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை நம் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டது 1897-ல். அதற்கு நாலு வருஷம் முந்தியது உண்ணி.

பிறகு 1906-ல் அமெரிக்கா உண்ணியை ஒழிக்கத் திட்டம் போட்டது. ஊருக்கு ஊர் மருந்துத் தொட்டி கட்டி மாடுகளை அதில் இறக்கி ஏற்றினார்கள். விவசாயிகள் எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைக்காதீர்கள். "என் மாட்டை நனைக்க நீ யார்?" என்று சில ஊர்களில் தொட்டிக்கே வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒரு பண்ணை ஒத்துழைக்காவிட்டாலும் பக்கத்துப் பண்ணைக்கு உண்ணி திரும்பி வரும். அதனால் விடாமல் செய்து, 1943-ல்தான் மெக்சிகோ எல்லையோரம் ஒரு பட்டையைத் தவிர மற்ற இடங்களில் ஒழிந்தது. முப்பத்தேழு வருஷ வேலை!

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். நோயைச் சுமந்து கொண்டுபோய்ச் சேர்க்கிற உண்ணி, கொசு இவற்றை விஞ்ஞானிகள் 'வெக்டர்' என்பார்கள். நாம் சுமைதூக்கி என்று வைத்துக்கொள்ளலாம். இதே வார்த்தையை இன்றைக்கு வைரசுக்கும் சொல்கிறார்கள், அதுவும் நல்ல காரியத்துக்கு. வைரஸ் என்பது என்ன? தன் வித்தை, அதாவது ஜீனை, நம் உடம்பின் அணுவுக்குள் கொண்டுபோய் இறக்குவதில் கைதேர்ந்த ஒரு வண்டி. அந்த வண்டியிலிருந்து கெட்ட சரக்கை இறக்கிவிட்டு, உடம்புக்குத் தேவையான நல்ல ஜீனை ஏற்றி அனுப்பினால்? அதுதான் வைரஸ் வழி ஜீன் சிகிச்சை.

புதுக் கதையாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். 2021-ல் நம்மில் பெரும்பாலோர் கையில் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு ஊசியில் இருந்ததும் இப்படி ஒரு வண்டிதான். சிம்பன்சிக் குரங்குக்குச் சளி உண்டாக்கும் வைரஸ் ஒன்றைப் பெருக முடியாதபடி முடமாக்கி, கொரோனாவின் ஒரு துண்டைச் செய்வதற்கான குறிப்பை மட்டும் அதில் ஏற்றினார்கள். அது தடுப்பூசி, குறிப்பு சில நாளில் மறைந்துவிடும், எதிர்ப்பு நிற்கும். சிகிச்சை என்று வரும்போது ஏற்றிய ஜீன் உடம்பிலேயே நிலைத்து வேலை செய்ய வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இதைச் செய்திருக்கிறார்கள். அடிபட்டால் ரத்தம் உறையாமல் போய்க்கொண்டே இருக்கிற ஹீமோபிலியா என்ற பிறவி நோய் கடுமையாக உள்ள ஐந்து பேருக்கு, அவரவர் ரத்தத்தின் மூல அணுக்களை எடுத்து, முடமாக்கிய வைரஸ் மூலம் உறைதலுக்கான ஜீனை ஏற்றி, திரும்ப உடம்பில் விட்டார்கள். கவனித்து வந்த காலம் முழுவதும் ஐந்து பேரில் ஒருவருக்கும் ரத்தப்போக்கு வரவில்லை என்று 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. வாரத்துக்கு வாரம் ஊசி குத்திக்கொண்ட பிள்ளைகளின் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! கடுமையான மருந்தும், பெரிய செலவும், பெரிய மருத்துவமனையும் வேண்டிய வேலை இது; இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது.

அது மனிதருக்கு. மாட்டுக்கு என்ன வந்திருக்கிறது? உண்ணிக்கே தடுப்பூசி வந்திருக்கிறது. உண்ணியின் குடலில் உள்ள ஒரு புரதத்தை நுண்ணுயிரில் வளர்த்து எடுத்து மாட்டுக்கு ஊசியாகப் போடுவார்கள். மாட்டின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகும்; அந்த ரத்தத்தைக் குடித்த உண்ணியின் குடல் கெட்டு, முட்டை குறையும். ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் 1990-களிலேயே விற்பனைக்கு வந்தது. கடித்தவனைக் கடிபட்டவன் தண்டிக்கிற ஏற்பாடு.

நம் நாட்டில் கலப்பின மாட்டுக்கு முக்கியமான தடுப்பூசி வேறொன்று. அது தைலேரியா என்கிற நோய்க்கானது. பேபீசியாவுக்கு இது பங்காளி; இதுவும் உண்ணி கொண்டு வருவதுதான். ஆனால் உண்ணி வேறு. கால்களில் வளையம் வளையமாகக் கோடு போட்டிருக்கும், ஓட்டமாக ஓடும். இது மேய்ச்சல் புல்லை நம்பி இருப்பதில்லை. கொட்டில் சுவர் வெடிப்பிலும், கல் இடுக்கிலும், காடி ஓரத்திலும் குடியிருக்கும். கொட்டிலை விட்டு வெளியே போகாத மாட்டுக்கு எப்படி உண்ணி வந்தது என்று கேட்கிறவர்கள் சுவரைப் பாருங்கள்.

தைலேரியா வந்த மாட்டுக்குக் காய்ச்சல் 104, 106 டிகிரி என்று ஏறும். தோள்பட்டைக்கு முன்னால் தடவினால் எலுமிச்சம்பழம் போல நெறி கட்டியிருக்கும். கண்ணின் உட்பக்கம் வெளுத்துப் போகும். நாட்டு மாடு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், கலப்பினம் தாங்காது. வங்கிக் கடனில் வாங்கிய மாடு தவணை முடியும் முன்பே போய்விடுகிற வீடுகளில், காரணம் பல நேரம் இதுதான். இதற்கென்றே பூபர்வகோன் என்ற ஊசி மருந்து இருக்கிறது. பேபீசியாவுக்கு மருந்து வேறு, அனபிளாஸ்மா என்ற இன்னொரு உண்ணி நோய்க்கு வேறு. எல்லாமே காய்ச்சல்தான் என்று கடையில் ஒரு காய்ச்சல் ஊசி வாங்கிப் போட்டால், சூடு ஒரு நாள் இறங்கும், கிருமி இறங்காது. அந்த ஒரு நாளில்தான் மாடு கை நழுவிப் போகிறது.

ஆகவே, மாடு தீனி மறுத்து, சூடு 103-க்கு மேல் காட்டினால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசி போடுவதற்கு முன் காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஸ்மித் செய்த அதே பரிசோதனைதான். கேட்பதில் வெட்கம் வேண்டாம். நான் பயிர் பார்க்கிறவன், மாட்டு மருத்துவன் இல்லை. நானும் கேட்டுத்தான் செய்கிறேன். தடுப்பூசி விஷயமும் அப்படித்தான். சினை ஊசிக் குச்சி போல அதையும் திரவ நைட்ரஜனில், உறைநிலையிலேயே வைத்திருக்க வேண்டும். எல்லா மருந்தகத்திலும் எந்நாளும் கிடைக்காது. கலப்பினக் கன்றுகள் உள்ளவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போய், எந்த வயதில், எந்த நாளில் போடலாம் என்று கேட்டு வாருங்கள். சினை மாட்டை ஓட்டிக்கொண்டு போவதற்கு முன் சினையென்று சொல்லிவிடுங்கள்.

இனி என் தொழிலோடு ஒட்டிய ஒரு பேச்சு. பயிருக்கு வாங்கிய பூச்சி மருந்தை மாட்டின் மேல் தெளிக்கிற பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. "பருத்திப் புழு சாகுது, உண்ணி சாகாதா?" என்கிறார்கள். சாகும். மாடும் சேர்ந்து சாகும். மாடு தன் உடம்பை நக்கும், கன்று மடியை நக்கும். ஒரு ஊரில் மருந்து பூசிய இரண்டு மணி நேரத்தில் வாயில் நுரை தள்ளி, கை கால் வெட்டி இழுத்து, ஈன்று இருபது நாள் ஆன பசு விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். உண்ணிக்கென்று டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் போன்ற மருந்துகள் கால்நடைக்கு ஏற்ற அளவில் தனியாக வருகின்றன. அதிலும் சீட்டில் போட்ட அளவுக்குத்தான் தண்ணீர் கலக்க வேண்டும். மாட்டுக்கு முதலில் வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிட்டு, வெயில் தணிந்த பிறகு, கண், வாய், புண் இவற்றில் படாமல் பூசுங்கள். காய்கிற வரை நக்க விடாதீர்கள். கறவை மாட்டுக்கு ஐவர்மெக்டின் ஊசியை மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள். அது பாலில் இறங்கும், அந்தப் பாலை நம் பிள்ளைதான் குடிக்கும்.

ஒரு தடவை பூசிவிட்டு, "மருந்து சரியில்லை, பத்து நாளில் திரும்ப வந்துடுச்சு" என்கிறவர்கள் ஸ்மித்தின் கண்ணாடித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாட்டின் மேல் இருந்தது செத்தது. தரையில் போட்ட முட்டை சாகவில்லை. அது பொரிந்து வரும்போது மறுபடி பூச வேண்டும். எத்தனை நாள் இடைவெளி என்பது மருந்தைப் பொறுத்தது. ஒரே மருந்தை வருஷக்கணக்கில், அதுவும் தண்ணீராகக் கரைத்துப் பூசிக்கொண்டிருந்தால் உண்ணி பழகிப் போகும். பல மாநிலங்களில் ஏற்கெனவே பழகிவிட்டது. கொட்டிலில் உள்ள எல்லா மாட்டுக்கும், எருமைக்கும், கன்றுக்கும் ஒரே நாளில் பூசுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. சுவர் வெடிப்பை மண்ணோ சிமெண்டோ வைத்து அடைத்து, சுண்ணாம்பு அடியுங்கள். கோழி இருந்தால் பகலில் கொட்டிலில் திறந்துவிடுங்கள், அது உண்ணியைக் கொத்தித் தின்னும். மருந்து தெளித்த அன்றைக்கு மட்டும் விடாதீர்கள். சந்தையில் வாங்கிய மாட்டை நேராகக் கொட்டிலில் கட்டாமல், மூன்று வாரமாவது தள்ளிக் கட்டி, உண்ணி பார்த்து, மருந்து பூசி, பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். பார்க்க ஆரோக்கியமாக இருந்த தெற்கத்தி மாடுதான் வடக்கத்தி மாட்டுக்கு எமனாக வந்தது.

காட்டோரம் குடியிருக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் கேளுங்கள். கர்நாடகத்தில் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் என்று ஒரு காடு. 1957-ல் அங்கே குரங்குகள் செத்து விழுந்தன. பின்னாலேயே விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் காட்டுக்குப் போன ஜனங்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். புனே வைரஸ் ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் போய்ப் பார்த்து, உண்ணி பரப்பும் ஒரு புது வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். குரங்குக் காய்ச்சல் என்று பெயர் நின்றுவிட்டது. நோய் கண்ட நூறு பேரில் மூன்றிலிருந்து ஐந்து பேர் வரை இறக்கிறார்கள். மாட்டுக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனால் காட்டுக்குள் மேய்கிற மாடு அந்த உண்ணிக்குச் சாப்பாடு போட்டுப் பெருக்குகிறது. 2013 வாக்கில் நீலகிரிப் பக்கமும் வயநாட்டுப் பக்கமும் செத்த குரங்குகளில் இந்த வைரஸ் காணப்பட்டது. பழைய தடுப்பூசி போதிய பலன் தராமல் நிறுத்தப்பட்டு, புதியது செய்யும் வேலை நடக்கிறது. மார்கழி தொடங்கி வைகாசி வரை இதன் காலம். காட்டில் செத்த குரங்கைக் கண்டால் தொடாமல், வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ சொல்லுங்கள். கர்நாடகத்தில் காட்டுக்குப் போகிறவர்களுக்கு உண்ணி அண்டாமல் இருக்க டெபா எண்ணெய் கொடுக்கிறார்கள். எதுவும் இல்லாவிட்டாலும் கையும் காலும் மூடத் துணி உடுத்திப் போய், வந்ததும் துணியை வெந்நீரில் போட்டு, சோப்புப் போட்டுக் குளியுங்கள்.

கடைசியாக, மாட்டிலிருந்து பிடுங்கிய உண்ணியை நகத்தால் நசுக்குகிறோமே, அதை நிறுத்துங்கள். 2011-ல் குஜராத்தில் காங்கோ காய்ச்சல் என்று ஒன்று வந்து உயிர் பலி வாங்கியது. அது சுவரிடுக்கு உண்ணியின் வகையறா பரப்புவது. நசுக்கிய உண்ணியின் ரத்தம் கையில் உள்ள கீறல் வழியாகவும் போகும். பழைய டப்பாவில் மண்ணெண்ணெயோ சோப்புத் தண்ணீரோ ஊற்றி அதில் போடுங்கள். கையில் பிளாஸ்டிக் பையாவது சுற்றிக்கொள்ளுங்கள். நம் உடம்பிலோ பிள்ளை உடம்பிலோ ஒட்டியிருந்தால் பீடிக் கங்கு வைக்காதீர்கள், எண்ணெய் விடாதீர்கள். முள் எடுக்கும் இடுக்கியால் தோலை ஒட்டித் தலைப் பக்கமாகப் பிடித்து, திருகாமல், நேராக மெதுவாக இழுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் அந்தத் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.